குவைத்துக்குப் பதினைந்து ஜெபமாலை

சிப்பித்துறையில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கிலோமீட்டர் என்பது டிக்கெட் கிழிப்பதற்காகப் பஸ்காரன் சொல்கிற பொய் என்பது அவர்கள் எண்ணம். துபாய் பன்னிரண்டு ஜெபமாலை, சிங்கப்பூரும் ஏறக்குறைய அவ்வளவு, குவைத் பதினைந்து, லண்டன் என்றால் தொண்டை மாற்றி ஆள் மாற்றிச் சொல்ல வீட்டில் நாலைந்து பெண்களாவது வேண்டும், கனடாவிலிருந்து மாப்பிள்ளை அமைந்தால் பெண்வீட்டார் முதலில் விசாரிப்பது அவன் சம்பளத்தை அல்ல, அவன் வீட்டில் மணி உருட்ட எத்தனை பொம்பளை ஆள் இருக்கிறது என்பதைத்தான். ஏனென்றால் விமானத்தை விமானி ஓட்டுகிறார் என்று அந்த ஊரில் ஒருவரும் நினைத்ததில்லை. விமானி ஸ்டியரிங் பிடிக்கிறவர், அவ்வளவுதான். அங்கே தரையை விட்டு எழும்பியதிலிருந்து இங்கே தரையைத் தொடுகிறவரை அந்த இரும்பைக் கீழே விழாமல் தாங்குவதும் முன்னால் தள்ளுவதும் வீட்டுப் பெண்களின் வாய்.

விமானங்கள் வருவதற்கு முன்னால், வள்ளங்களும் கட்டுமரங்களும் மட்டும் இருந்த காலத்தில், இந்த வேலையை வசவு செய்துகொண்டிருந்தது. கடலுக்குப் போகிறவனை வாழ்த்தி அனுப்பினால் கடல் அவனைத் தனக்கு வந்த சீர்வரிசை என்று நினைத்து வைத்துக்கொள்ளும். ஆகவே ‘தொலைஞ்சு போ, மூதேவி’ என்று வைது அனுப்புவார்கள், நேரம் கடந்தும் வள்ளம் கண்ணில் படாவிட்டால் பெண்கள் கரையில் வரிசையாக நின்று அவனவன் பெயரைச் சொல்லி, அவனவன் செய்த காரியங்களைச் சொல்லி, செய்யாத காரியங்களையும் சேர்த்துக்கொண்டு, வைதே இழுப்பார்கள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் எந்த ஆணும் திரும்பி வந்துவிடுவான், பதில் சொல்வதற்காகவாவது. பிறகு பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். விமானம் கொஞ்சம் நாகரிகமான வாகனம், தொப்பி வைத்தவர்கள் நடத்துவது, அதைப் போய் மூதேவி என்பதா என்று கூச்சப்பட்டு, வசவை மூட்டை கட்டிவிட்டு ஜெபமாலைக்கு மாறிக்கொண்டார்கள்.

டெல்பினாவுக்கு எப்படியும் வையத் தெரியாது. பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவள் அவள். அங்கே தமிழ் பேசினால் அபராதம், குரலை உயர்த்தினால் முட்டி போட வேண்டும், ஆகத் தமிழில் குரலை உயர்த்துவது என்பது அவள் கனவில்கூடச் செய்யத் துணியாத இரட்டைப் பாவம். அதோடு அவள் பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், குக்கரின் மூன்றாவது விசிலுக்குப் பயம், மாமியார் தஸ்நேவிஸ் பேசப்போவதற்கு முன் செருமும் செருமலுக்குப் பயம். குழந்தை பிறந்த பிறகு இவை எல்லாம் சின்னப் பயங்களாகிப் போயின. குழந்தையின் உச்சந்தலையில், மூச்சுக்கு மூச்சு எழுந்து அமுங்கும் அந்த மெத்தென்ற இடம் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே அவள் கையைக் குடையாகக் கவித்துக்கொண்டாள். உலகம் இவ்வளவு கூர்மையாக இருக்கும்போது இதை யார் இப்படித் திறந்து போட்டு அனுப்பினார்கள் என்று தோன்றியது. போனில் கணவன் கிளாட்வினிடம் சொன்னபோது, “நான் வந்து தொட்டுப் பாக்கணும், மூடாம வச்சிரு” என்று சிரித்தான் அவன்.

கிளாட்வின் குவைத்தில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்கு வந்த லீவு முடிந்து போனவன், மகள் பிறந்தபோது வர முடியவில்லை, ஞானஸ்நானத்துக்கு வருகிறான். அவன் வராமல் ஞானஸ்நானம் நடக்காது. சிப்பித்துறையில் பெயர் வைப்பது அப்பனின் வேலை, அவன் தேர்ந்தெடுத்த பெயரை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து முதன்முதலில் பிள்ளையின் காதில்தான் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் சாமியார் காதுக்கே அது போகும். “எனக்காவது சொல்லுங்களேன்” என்று டெல்பினா ஒருமுறை மெல்லக் கேட்டாள். “வந்து சொல்றேன்” என்றான். அதுவரை குழந்தை வெறும் பாப்பா.

அவன் புறப்பட்ட அன்று காலை ‘கிளம்பிட்டு’ என்று போனில் செய்தி வந்ததும் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துத் தஸ்நேவிஸ் முதல் மணியைத் தொட்டாள். பக்கத்து வீட்டு பிலோமி துணைக்கு வந்தாள். டெல்பினா மடியில் குழந்தையோடு மூன்றாவது குரல். பதினைந்தாவது முடியும்போது மூன்று பேருக்கும் நாக்கு வறண்டு ஓலையாகியிருந்தது.

தஸ்நேவிஸ் செருமினாள். “ஒண்ணு கூடச் சொல்லிருவோமாட்டி?”

டெல்பினாவுக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகியிருந்தது, குழந்தை ஈரத் துணியில் முறுக்கிக்கொண்டிருந்தது. அவள் போனை நீட்டினாள். குவைத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் தூரம் நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பயண நேரம் ஐந்து மணி என்று அதில் போட்டிருந்தது. “அஞ்சு மணி நேரம் ஆயிருச்சு மாமி. இந்நேரம் எறங்கியிருப்பாங்க.”

“இங்கிலீஷ்ல போட்டிருக்கா?”

“ஆமா மாமி.”

இங்கிலீஷில் போட்டிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆமென் சொல்லி, சிலுவை போட்டு, மணியை முத்தமிட்டுச் சுருட்டிப் பெட்டியில் வைத்தார்கள். பிலோமி வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். டிவியில் சீரியல் வைத்தார்கள்.

அந்தப் போன் சொன்னது நேர்க்கோட்டுத் தூரம், ஒரு காகம் சாப்பாட்டுக்கு எங்கும் நிற்காமல் பறந்தால் ஆகிற தூரம். வடக்கே ஏதோ இரண்டு நாடுகள் சண்டை பிடித்துக்கொண்டு வானத்தில் ஒரு துண்டை அடைத்துவிட்டதால், விமானம் தெற்கே கடல் பக்கம் விலகி, குமரி முனையைச் சுற்றிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வழி தெரியாத வேன் போலக் கிழக்கே வந்து, சிப்பித்துறைக்கு மேலே திருவனந்தபுரம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்ததை அது சொல்லவில்லை. இவர்கள் ஆமென் சொன்ன இடத்தில் அதற்கு ஜெபம் தீர்ந்துபோயிற்று.

சத்தம் போடவில்லை, புகை விடவில்லை, விழவும் இல்லை. மாதா கோயில் கோபுரத்துக்கு மேல் இரண்டு பனை உயரத்தில், சக்கரங்களை நீட்டியபடி, ஸ்டாப்பில் பஸ் நிற்பது போல நின்றது. முற்றத்தில் திடீரென்று நிழல் விழுந்ததால் மழை என்று துணி எடுக்க ஓடிய பிலோமி அண்ணாந்து பார்த்துவிட்டு, “லேட்டாட்டு வந்திருக்கு” என்றாள். இறக்கைக்குப் பின்னால் ஒரு ஜன்னலில், கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, கீழே தன் வீட்டு மொட்டைமாடியைத் தேடும் முகத்தோடு கிளாட்வின் அப்படியே இருந்தான். அவனுக்கு முன் வரிசையில் ஒரு ஆள், விமானம் நிற்பதற்கு முன்னாலேயே எழுந்து மேலே பெட்டியை எடுக்கக் கையை நீட்டியவன், நீட்டிய கையோடு நின்றான்.

தஸ்நேவிஸ் ஓடிப்போய் மணியை எடுத்து முதலிலிருந்து தொடங்கினாள். விமானம் அசைந்தது, ஆனால் பின்பக்கமாக. ஜெபமாலையின் தொடக்கம் குவைத்தில் இருக்கிறது என்பதால், முதல் மணிக்கு ஏற்ற இடத்துக்கு அது கடலைப் பார்த்துப் பின்வாங்கத் தொடங்கியது. தெருவே கூடி அவள் வாயைப் பொத்தியது. அதற்குள் ஒரு தெரு நீளம் பின்னால் போய், சரியாக டெல்பினாவின் மொட்டைமாடிக்கு மேலே வந்து நின்றுவிட்டது. எந்த மணியில் விட்டோம் என்று யாருக்கும் தெரியாது. விட்ட இடமே இல்லை, முடித்தல்லவா வைத்தார்கள்.

மறுநாள் கரைவலைக்காரர்கள் சக்கரத்தில் கயிறு வீசி, வலை இழுக்கிற மாதிரி இரண்டு வரிசையாக நின்று, பாட்டுப் பாடி இழுத்தார்கள். விமானம் இம்மியும் நகரவில்லை, சிலருடைய கைலிதான் அவிழ்ந்தது, மாடியில் நின்ற பெண்கள் பல நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்கு அடுத்த நாள் விமானக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். அண்ணாந்து பார்த்தார், கையிலிருந்த சிலேட்டு மாதிரிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“விமானம் தாமதம் என்று சொல்ல முடியாதும்மா. தரையிறங்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் என்று காட்டுகிறது.”

“நேத்தும் அதேதான காட்டிச்சு?” என்றாள் தஸ்நேவிஸ்.

“ஆமாம். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானால்தான் நாங்கள் பிஸ்கட் தர வேண்டும்.”

அவரைப் பஸ் ஏற்றி விட்டார்கள்.

பிறகு ஊர் தன் வேலையைப் பார்த்தது. கருவாடு காயவைக்கிற பெண்கள் முதலில் நிழல் விழுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள், பிறகு களத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு மத்தியானத் தூக்கத்துக்கு அந்த நிழலுக்கே வந்தார்கள். மீன் ஏலம் இடது இறக்கையின் கீழே மாறியது, சீட்டாட்டம் வலது இறக்கையின் கீழே. பங்குச்சாமி எட்வின், கோயிலுக்குள் ஃபேன் ஓடாததால் ஞாயிறு பூசையை விமானத்தின் வயிற்றுக்குக் கீழே வைத்தார், கூட்டம் இரட்டிப்பானது, இது விசுவாசம் என்று அவர் ஆயருக்கு எழுதினார். மழைக்காலத்தில் பிள்ளைகள் நனையாமல் பந்து விளையாடினார்கள். காகங்கள் இறக்கையில் கூடு கட்டின, குயில்கள் வழக்கம்போல அதில் முட்டை போட்டுவிட்டுப் போயின. பஸ் கண்டக்டர் ‘ஏரோப்ளேன் எறங்கு, ஏரோப்ளேன் எறங்கு’ என்று கூவத் தொடங்கினார். விமானத்தில் இருந்த மற்றவர்களின் சொந்தக்காரர்கள் வெளியூர்களிலிருந்து வந்து வீடு பிடித்துத் தங்கினார்கள். அவர்களில் இரணியலிலிருந்து வந்த சுகந்தி, பெட்டியை எடுக்க எழுந்து நின்ற ஆளின் பெண்சாதி. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் தெருவில் நடப்பாள். “அடங்கி உக்காருற மனுசனா இருந்தா எனக்கு இந்தக் கேவலம் வருமா அக்கா? ஊரே பாக்குது” என்று பிலோமியிடம் அழுவாள்.

டெல்பினா தினமும் மாடிக்குப் போனாள். பாப்பாவுக்குக் கழுத்து நின்றதும் தூக்கிக் காட்டினாள், குப்புற விழுந்ததும் காட்டினாள், முதல் பல்லை உதட்டை விலக்கிக் காட்டினாள். ஜன்னலில் கிளாட்வின் வீட்டைத் தேடிக்கொண்டே இருந்தான். அவனுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம். எண்ணெய் தடவி வாரியிருந்த முடி கலையவில்லை, மீசையில் ஒன்று நரைக்கவில்லை, நெற்றி பட்ட இடத்தில் கண்ணாடியில் ஒரு மூச்சு அளவு பனி படிந்து அப்படியே இருந்தது. பாப்பா வானத்தைக் காட்டி முதல் வார்த்தை சொன்னது. ‘அப்பா’. விமானத்தைச் சொன்னது. அந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் கற்றுக்கொள்ளும், ஆனால் மற்றப் பிள்ளைகளின் அப்பா பறந்து போய்விடும்.

ஒருநாள் டெல்பினா குளிப்பாட்டித் தலை துவட்டும்போது, உச்சந்தலையில் விரல் பட்டது. எழுந்து அமுங்கவில்லை. எலும்பு மூடியிருந்தது. பயப்பட ஒன்று குறைந்ததே என்று சந்தோஷப்பட வேண்டிய அவள், துண்டைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தஸ்நேவிஸ் அழுகையை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தாள். மாலையில் நாற்காலியை மாடியில் போட்டு, மகனுக்குக் கீழே உட்கார்ந்து மீன் ஆய்வாள், விலைவாசி சொல்வாள்.

“மாமி, ஏதாவது செய்யணும்ல” என்றாள் டெல்பினா.

“என்னத்தட்டி செய்ய? குவைத்துல இருந்தான், லீவுக்கு வந்தாத்தான் எனக்கு மூஞ்சி தெரியும். இப்ப தெனமும் பாக்கேன். சண்டை இல்ல, குடி இல்ல, மொதலாளி அடிக்கான் அரபி புடிக்கான்னு பயம் இல்ல. தலைக்கு மேல பத்திரமா இருக்கான். இருக்கட்டும், விடு.”

அது தஸ்நேவிஸ் மட்டும் சொன்னதில்லை. பிலோமியின் மகன் மஸ்கட்டில் இருந்தான். அவன் கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒரு ஜெபமாலையைக் குறைத்துச் சொன்னால் என்ன என்று அவள் கேட்கத் தொடங்கினாள். அப்படிச் செய்தால் அவனையும் பக்கத்திலேயே நிறுத்தலாமே. இன்னும் பல வீடுகள் தங்கள் தெருவுக்கு மேல் வானத்தை அளந்து பார்த்தன. கருவாட்டுக் களத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று பெண்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். ஊர்க்கூட்டத்தில் யார் பிள்ளை எங்கே நிற்பது என்று கைகலப்பு வரை போனது.

இதற்கிடையில் மாதா திருவிழா நெருங்கியது. ஆயர் வருகிறார், பங்கில் ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை நடந்து திரிவது நன்றாக இருக்காது என்று பங்குச்சாமி எட்வின் வீட்டுக்கே வந்து சொன்னார். தஸ்நேவிஸ் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். கிளாட்வினின் தம்பி ரஞ்சன் அப்பன் இடத்தில் நின்று காதில் பெயர் சொல்லிவிடுவான். என்ன பெயர் என்பதையும் அவள் யோசித்திருந்தாள்.

“தஸ்நேவிஸ்” என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

டெல்பினா சரி என்று தலையாட்டினாள், அவளுக்குப் பழகிய ஆட்டம் அது. ஆனால் அன்று முழுவதும் பாப்பாவை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. ஒரு காதில் முதல் பெயர் ஒருமுறைதான் விழும். இன்னொருவன் சொல்லிவிட்டால் கிளாட்வின் கொண்டுவருகிற பெயருக்குப் போக இடமில்லை. பிறகு அவன் இறங்கினாலும் ஒன்றுதான், இறங்காவிட்டாலும் ஒன்றுதான். மிக்சரும் சோப்பும் கொண்டுவருகிற விருந்தாளியாக வந்து நிற்பான், பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடும்.

திருவிழா அன்று காலை, விமானத்தின் நிழலில் நாற்காலி போட்டு, வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஊரே கூடியிருந்தது. பாப்பாவுக்கு வெள்ளைக் கவுன், காலில் சத்தம் போடுகிற செருப்பு. ரஞ்சன் இரவல் சட்டையில் வியர்த்தபடி நின்றான். “இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் கேட்கிறீர்கள்?” என்று பங்குச்சாமி கேட்க, ரஞ்சன் குனிந்து பிள்ளையின் காதருகே வாயைக் கொண்டுபோக, அவன் மூச்சு பட்டுப் பிள்ளை நெளிய, டெல்பினா சட்டென்று அதைப் பறித்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவெளிக்கு நடந்தாள். அண்ணாந்தாள். வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.

“இந்தா பாருங்க” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. “ஏங்க! ஒங்களத்தான்!” பின்வரிசைக்குக் கேட்டது. அப்புறம் அவள் தொண்டைக்குள் ஏதோ ஒரு தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. “டேய் கிளாட்வின்!”

பங்குச்சாமி கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது.

“எத்தன மாசமாடா பன்னெண்டு நிமிசம்? ஒனக்கு வாட்ச் எதுக்குடா? பிள்ள பொறக்கும்போது எங்கடா போன? ஏசி ரிப்பேர்னு சொன்ன! எவன் வீட்டு ஏசியோ! எனக்கு இங்க வேர்த்து ஊத்துனது ஒனக்குத் தெரியுமா? பால் கட்டிக் காய்ச்சல்ல கெடக்கேன், சாப்டியா சாப்டியான்னு கேக்க, என்னத்தடா சாப்பிட, ஒன் அம்மா போட்ட கஞ்சியயா? பல்லு வந்துச்சு, வந்தியா? விழுந்து ஒதடு கிழிஞ்சுச்சு, வந்தியா? தொட்டுப் பாக்கணும் மூடாம வச்சிருன்னு சொன்னியே, மூடிருச்சுடா! உச்சந்தல மூடியே போச்சுடா! ஒனக்காக நான் என்ன, கைய வச்சு அமுக்கிப் பிடிச்சிட்டிருக்கணுமா!”

இறக்கையிலிருந்து காகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன. விமானம் ஒருமுறை சிலிர்த்தது, மாடு ஈயை உதறுகிற மாதிரி. பிறகு முன்பக்கமாக, ஒரு முழம் நகர்ந்தது.

டெல்பினா பயந்து வாயை மூடிக்கொண்டாள். விமானமும் நின்றது.

எல்லோரும் தஸ்நேவிஸைப் பார்த்தார்கள், ஏனென்றால் கஞ்சியைச் சொல்லிவிட்டாளே. தஸ்நேவிஸ் மேலே பார்த்தாள். மகன் ஒரு முழம் தள்ளிப்போயிருந்தான். அவள் நாற்காலி இருந்த இடத்தில் வெயில் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் அந்த வெயிலையும், மருமகளின் இடுப்பில் இருந்துகொண்டு தானும் வாயைத் திறந்து வைத்திருந்த பேத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செருமினாள்.

“நிறுத்தாதட்டி! நிறுத்துனா ஒன்னய நான் வைவேன்!” என்று கத்தியபடி எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். “ஏலே பன்னிப்பயலே! பெத்தவ தலைக்கு மேல கால நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கியால? ஒனக்குக் கீழ ஒக்காந்து மீன் ஆய்ஞ்சு ஆய்ஞ்சு எனக்குக் கழுத்து சுளுக்கிப் போச்சுல! எறங்கி வா!”

“எறங்கி வா!” என்றாள் பிலோமி, மன்றாட்டுமாலைக்குப் பதில் சொல்லும் பழக்கத்தில்.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, கரையில் நின்று வள்ளங்களை இழுத்த தொண்டைகள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தன, இத்தனை வருடம் நாகரிகத்தால் வாய் பொத்தி வைத்திருந்தவை, ஒருத்தி வைய மற்றவர்கள் பதில் சொல்ல அது ஒரு மாலையாகக் கட்டிக்கொண்டு போயிற்று: கல்யாண ஆல்பத்தை மட்டும் தந்துவிட்டுப் போனவனே, எறங்கி வா, போனில் முத்தம் கொடுத்துவிட்டுச் சார்ஜ் இல்லை என்றவனே, எறங்கி வா, அம்மாவுக்கு ஒரு சேலையும் எனக்கு அதே சேலையும் வாங்கிவந்தவனே, எறங்கி வா, செத்த வீட்டுக்கு வீடியோவில் வந்தவனே, எறங்கி வா, வந்த அன்றே திரும்பிப் போகிற தேதி சொன்னவனே, எறங்கி வா. பெற்றவர்கள் வைதார்கள், கட்டியவர்கள் வைதார்கள், கல்யாணமே ஆகாத பெண்கள் வரப்போகிறவனை நினைத்து முன்கூட்டியே வைதார்கள். சுகந்தி முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். “எந்திரிச்சு நிக்கியே, பெட்டிக்குள்ள அப்படி என்ன வச்சிருக்க? ஒக்காரு! பெல்ட்டப் போடு!” என்று அவள் அலறிய அலறலில், இத்தனை மாதமாக நீட்டிய கையோடு நின்ற ஆள் பொத்தென்று சீட்டில் விழுந்ததை ஊரே பார்த்தது. பங்குச்சாமி எட்வின் முதலில் காதைப் பொத்திக்கொண்டார், பிறகு ஒரு காதை எடுத்தார், கடைசியில் அவர் உதடும் ‘எறங்கி வா’ என்று அசைந்ததாக ரஞ்சன் இன்றும் சத்தியம் செய்வான்.

விமானம் நகர்ந்தது. பெண்கள் அதற்குக் கீழே நடந்தார்கள். மீன் ஏலத்தின் மீதும் சீட்டாட்டத்தின் மீதும் வெயில் பளீரென்று விழ, ஆண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். கோபுரத்தைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, பனங்காட்டுக்குள் சிவந்த தேரி மணலில் கால் புதையப் புதைய, வைதுகொண்டே போனார்கள். விமானம் வேகமெடுத்து, மேற்கே ஒரு மீன் செதிலாக மின்னி, மறைந்த பிறகும் நிறுத்தவில்லை. ஒருமுறை பட்டது போதாதா, இந்தத் தடவை இங்கிலீஷை நம்பி ஆமென் சொல்ல யாரும் தயாராக இல்லை. டெல்பினாவின் போன் அடித்தபோதுதான் நிறுத்தினார்கள்.

“எறங்கிட்டேன்” என்றான் கிளாட்வின். “நீ என்ன, தொண்ட கட்டிருக்கு?”

“ஒண்ணுமில்லங்க.”

“எனக்குக் காது அடைச்சிட்டு. எறங்கும்போது யாரோ வையுற மாதிரியே இருந்துச்சு.”

அதிலிருந்து சிப்பித்துறையில் குவைத்தின் தூரம் பதினைந்து ஜெபமாலையும் ஒரு நல்ல வசவும் என்று ஆயிற்று.

சாயங்காலம் டாக்சி தெருவுக்குள் வந்தபோது ஊர் முழுவதும் வாசலில் நின்றது. கிளாட்வின் இறங்கினான். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பொம்மைக்குப் போடுகிற அளவில் ஒரு பூப்போட்ட கவுன், பிறந்து சில வாரமான பிள்ளைக்கென்று, அவன் கணக்கில் அன்று காலையில், குவைத்தில் வாங்கியது. அம்மாவைக் கட்டிக்கொண்டான். டெல்பினாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் இடுப்பைப் பார்த்தான், கூடத்தில் தொட்டிலைத் தேடினான்.

“பாப்பா எங்க?”

பாப்பா தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைக் கவுன் தேரி மணலில் சிவந்து, ஒரு கால் செருப்பு எங்கோ விழுந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் காலியான வானத்தைப் பார்த்து, “அப்பா?” என்று கேட்டது. இந்தப் பக்கம் தேடியது, அந்தப் பக்கம் தேடியது. “அப்பா!” என்று உதட்டைப் பிதுக்கியது.

கிளாட்வின் கையிலிருந்த கவுனைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். டெல்பினாவைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் காலையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அவன் மெதுவாக நடந்துபோய்ப் பிள்ளைக்கு எதிரே நின்றான். என்ன செய்வது என்று தெரியாமல், விமானம் நின்றது போலவே, கால்களை அகட்டியபடி, கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி நின்றான். அவன் உயரமானவன். அவன் நிழல் பிள்ளை மேல் விழுந்தது.

அந்த நிழலைப் பாப்பாவுக்குத் தெரிந்திருந்தது போல. அழுகையை நிறுத்தியது. அண்ணாந்து அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தது. பிறகு விரலால் தரையைக் காட்டி, அன்று காலையில் ஊரே சேர்ந்து அதற்குக் கற்றுக்கொடுத்திருந்த தன் இரண்டாவது வார்த்தையைச் சொன்னது.

“எறங்கு.”

கிளாட்வின் முட்டி போட்டான். அது போதவில்லை என்று பாப்பா இன்னும் விரலை நீட்டியது, அவன் மணலில் உட்கார்ந்தான். பெட்டி எங்கோ சாய்ந்தது. பிள்ளை ஒற்றைச் செருப்போடு கீச் கீச்சென்று நடந்துவந்து, அவன் வாய்க்கு நேராகத் தன் காதை வைத்தது, அதற்கென்று யாரோ சொல்லி அனுப்பியது மாதிரி. அவன் ஒரு கையை அதன் உச்சந்தலையில் வைத்தான். மூடியிருந்தது. மூடியதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு, பெயரைச் சொன்னான்.